கட்டடத்தில் பாதுகாப்புக் குறைவால் ஒருவர் பாதிக்கப்பட்டால் உரிமையாளர் எவ்வளவு பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக்கு இருப்பவர்கள், கடை நடத்துபவர்கள், கட்டடம் வைத்திருப்பவர்கள் என்று மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இவை. சட்டத்தின் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் ஒவ்வொரு தீர்ப்பும் எந்த நாட்டுடையது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் ஊர் வக்கீலின் ஆலோசனை தேவைப்படும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

என் இடத்தில் யாராவது அடிபட்டாலே நான் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் அப்படி இல்லை. அடிபட்டார் என்பது மட்டும் போதாது. நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்க்கும். அந்த ஆபத்து உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டியதா? தெரிந்த பிறகு, பொறுப்புள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதை நீங்கள் செய்யாமல் விட்டீர்களா? செய்யாமல் விட்டதால்தான் காயம் ஏற்பட்டதா? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வழக்கு நிற்பது கடினம்.

இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை நேராகவே சொல்கிறது. எந்த நோக்கத்துக்காக ஒருவரை உள்ளே அனுமதித்தீர்களோ, அந்த நோக்கத்துக்கு அவர் அந்த இடத்தைப் பயன்படுத்தும்போது நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது இடத்தைக் கையில் வைத்திருப்பவரின் கடமை. 'நியாயமான அளவுக்கு' என்பதுதான் அதில் முக்கியம். ஆபத்தே இல்லாத கட்டடத்தைச் சட்டம் யாரிடமும் கேட்பதில்லை.

ஆனால் நிரூபிக்கும் சுமை எப்போதும் அடிபட்டவர் தலையில்தான் விழும் என்று நினைத்துவிடாதீர்கள். 1976இல் இங்கிலாந்தில் டெஸ்கோ கடை ஒன்றில் தரையில் கொட்டியிருந்த தயிரில் வழுக்கி விழுந்த பெண்ணின் வழக்கு வந்தது. அது எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தது என்பதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்க அவரிடம் என்ன வழி இருந்தது? தரையைச் சுத்தமாக வைக்க ஒழுங்கான ஏற்பாடு இருந்தது என்பதைக் கடைதான் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். கடையால் காட்ட முடியவில்லை.

கட்டடமே இடிந்து விழுந்தால் நிலைமை உரிமையாளருக்கு இன்னும் கடினம். பிரான்ஸ் குடியியல் சட்டத்தின் 1244ஆம் பிரிவின்படி, பராமரிப்பு இல்லாததாலோ கட்டுமானக் குறையாலோ கட்டடம் விழுந்து சேதம் ஏற்பட்டால் உரிமையாளர் பொறுப்பு. இந்தியாவில் டில்லி சாந்தினி சௌக்கில் இருந்த மணிக்கூண்டு 1951இல் இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது சுமார் 80. அதில் பயன்படுத்திய சாந்துக்கு ஆயுளே 40, 45 ஆண்டுதான் என்று நிபுணர் சாட்சி சொன்னார். வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியவில்லை என்ற மாநகராட்சியின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1966இல் ஏற்கவில்லை. அவ்வளவு பழைய கட்டடத்தை முறையாகச் சோதித்திருக்க வேண்டும் என்றது.

'உரிமையாளர்' என்றால் பத்திரத்தில் பெயர் உள்ளவர்தானே?

அவர் மட்டும் இல்லை. இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். குத்தகைக்கு எடுத்தவர், விடுதி மேலாளர், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், பராமரிப்பு நிறுவனம் என்று யார் வேண்டுமானாலும் இதில் வரலாம். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் பொறுப்பாவதும் உண்டு. 1966இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை (அன்று அங்கே மிக உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம்), ஒரு விடுதியின் பின்படிக்கட்டு விஷயத்தில் அதன் சொந்தக்கார நிறுவனம், அங்கே குடியிருந்த மேலாளர் இருவருக்குமே கவனிப்புக் கடமை உண்டு என்றது. (அந்த வழக்கில் இருவருமே கடமை தவறவில்லை என்று முடிவானது வேறு விஷயம். படிக்கட்டின் பல்பை யாரோ வெளியாள் கழற்றியிருந்தார்.)

வாடகை வீட்டில் ஒரு எளிய கணக்கு உண்டு. வீட்டுக்கு உள்ளே பெரும்பாலும் குடியிருப்பவர் கட்டுப்பாடு. படிக்கட்டு, மொட்டை மாடி, லிஃப்ட், வாசல் கேட், வண்டி நிறுத்துமிடம் போன்ற பொது இடங்கள் உரிமையாளர் கையில். சண்டை வருவதும் பெரும்பாலும் இந்தப் பொது இடங்களைப் பற்றித்தான்.

தியேட்டர், மண்டபம், மால் போன்ற கூட்டம் சேரும் இடங்களுக்குச் சட்டம் கடுமையாக இருக்குமா?

இருக்கும், இருக்கவும் வேண்டும். டில்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று நடந்ததைப் படித்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. தரைத்தள வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி இருந்த மின்மாற்றியில் பிடித்த தீ, கார்களுக்குப் பரவியது. புகை மேலே பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கைகள் போட்டதில் ஒரு வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. கதவு தாழிடப்பட்டிருந்தது. அவசர விளக்கு இல்லை. வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பும் வரவில்லை. 59 பேர் இறந்தார்கள். 100க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

பெரும்பாலோரைக் கொன்றது புகை. தீ மின்மாற்றியில் தொடங்கியது மின்வாரியத்தின் தவறு என்று வைத்துக்கொண்டாலும், உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனது திரையரங்கை நடத்தியவர்களின் தவறு. 2011இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பைத் திரையரங்கு நடத்தியவர்களுக்கு 85 சதவீதம், மின்வாரியத்துக்கு 15 சதவீதம் என்று பிரித்தது. நஷ்டஈட்டை, இறந்தவர் 20 வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால் 10 லட்சம் ரூபாய் என்றும், அதற்குக் கீழே என்றால் 7.5 லட்சம் என்றும் குறைத்தது. உயர் நீதிமன்றம் கொடுத்திருந்தது 18 லட்சமும் 15 லட்சமும். உரிமம் கொடுத்த காவல் துறையையும் மாநகராட்சியையும் பொறுப்பிலிருந்து விடுவித்தது. குடும்பங்கள் 14 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற முடிவு இது. இந்தக் குறைப்பை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. உரிமம் இருக்கிறது, ஆய்வுச் சான்றிதழ் இருக்கிறது என்பதே கேடயமாகிவிடாது. வெளியேறும் வழியில் நாற்காலி போட்ட அன்றே அந்தச் சான்றிதழின் மதிப்பு போய்விடுகிறது.

தாக்கியவன் எவனோ ஒரு குற்றவாளி. அவன் செய்ததற்குக் கட்டட உரிமையாளரை எப்படிப் பிடிக்க முடியும்?

இந்தத் துறையில் மிகவும் சிக்கலான கேள்வி இதுதான். நீதிமன்றங்களே இரண்டு பக்கமாக நிற்கின்றன.

முதலில் அமெரிக்கா, வாஷிங்டன். 585 குடியிருப்புகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஒரு பெண் 1959இல் குடிவந்தபோது வாசலில் இரவும் பகலும் ஆள் இருந்தார். நுழைவுக்கூடத்து மேசையிலும் ஆள் இருந்தார். 1966க்குள் அந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. அதே காலத்தில் பொது நடைவழிகளில் திருட்டும் தாக்குதலும் கூடின. நிர்வாகத்துக்கு அது தெரியும். கடைசியில் அந்தப் பெண்ணே நடைவழியில் தாக்கப்பட்டார். 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பொறுப்பு என்றது. பொது நடைவழிக்குப் பூட்டு போடவோ ஆள் வைக்கவோ தனி ஒரு குடியிருப்பாளரால் முடியாது. அந்த அதிகாரம் முழுக்க உரிமையாளரிடம். அதனால் கடமையும் அவருடையதே என்பது காரணம். குடிவரும்போது எந்த அளவுப் பாதுகாப்பைக் காட்டி வாடகைக்கு விட்டாரோ, அதே அளவைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

இப்போது ஆஸ்திரேலியா. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கடைத்தொகுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் இரவு 10 மணிக்கு விளக்குகள் அணைந்துவிடும். அங்கிருந்த வீடியோ கடை மூடுவதும் 10 மணிக்குத்தான். கடைசியாகக் கிளம்பும் ஊழியர் இருட்டில் நடந்துதான் வண்டிக்குப் போக வேண்டும். 1993இல் அப்படிப் போன ஊழியரை மூன்று பேர் தாக்கிப் படுகாயப்படுத்தினார்கள். கீழ் நீதிமன்றங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆனால் 2000இல் நாட்டின் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் கடைசி நீதிமன்றம்) அதை மாற்றியது. தனக்குக் கட்டுப்பாடே இல்லாத குற்றவாளிகளின் செயலுக்கு இட உரிமையாளரைப் பொறுப்பாக்க முடியாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு.

எனக்கு வாஷிங்டன் தீர்ப்பின் பக்கமே நியாயம் தெரிகிறது. விளக்கின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்க முடியும். கடை 10 மணிக்கு மூடும் என்று தெரிந்தே 10 மணிக்கு விளக்கை அணைக்கும் ஏற்பாட்டைத் தாக்கியவர்கள் செய்யவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்து வாதத்திலும் சத்து இருக்கிறது: குற்றம் எங்கே, எப்போது நடக்கும் என்று உரிமையாளரால் சொல்ல முடியாது, எவ்வளவு விளக்கு, எத்தனை காவலர் போட்டால் போதும் என்பதற்கு எல்லையும் கிடையாது. காவல் துறையின் வேலை முழுவதையும் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

குற்றம் நடக்கும் என்று உரிமையாளர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவது?

அமெரிக்க மாநிலங்களில் இதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. சில நீதிமன்றங்கள் அதே இடத்தில் முன்பும் இதே மாதிரி சம்பவம் நடந்ததா என்று கேட்கும். சில, சுற்றுப்புறம், வெளிச்சம், இடத்தின் அமைப்பு, புகார்கள் என எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடும். வேறு சில, ஆபத்து எவ்வளவு பெரியது, அதைத் தடுக்க ஆகும் சிரமம் எவ்வளவு என்று ஒப்பிடும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1993இல் சொன்னது இந்த வகை: காவலர் நியமிப்பது பெரிய செலவு, ஆகவே முன்பு அதே மாதிரி சம்பவங்கள் நடந்திருந்தால் தவிர அதைக் கட்டாயமாகக் கேட்பது அரிது. உடைந்த பூட்டையும் எரியாத பல்பையும் மாற்றுவது சின்னச் செலவு. அதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் தேவைப்படாது.

1974இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மோட்டலில் தங்கியிருந்த புகழ்பெற்ற பாடகி அறைக்குள்ளேயே தாக்கப்பட்டார். அறையின் கண்ணாடி நகர்வுக் கதவு பூட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும் வெளியிலிருந்து எளிதாகத் திறக்க முடிந்தது. 1976இல் ஜூரி அவருக்கு 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. ஒரு நல்ல தாழ்ப்பாளுக்கு என்ன செலவாகியிருக்கும்?

எந்த அளவுகோலாக இருந்தாலும் வழக்கைத் தூக்கி நிறுத்துவது எழுத்து ஆதாரம்தான். 'வாசல் கேட் பூட்டுவதில்லை, அந்நியர்கள் மாடிக்கு வந்துபோகிறார்கள்' என்று வாட்ச்மேனிடம் வாயால் பத்து முறை சொன்னதைவிட, நிர்வாகத்துக்குத் தேதியுடன் அனுப்பிய ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வலுவானது. 'எங்களுக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டால் போதுமா? 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதி வைத்தால்?

இரண்டும் வேறு வேறு. எச்சரிக்கை என்பது வருகிறவரைக் காப்பாற்ற. பொறுப்புத் துறப்பு என்பது உரிமையாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

எச்சரிக்கை உண்மையிலேயே ஆபத்தைத் தவிர்க்க உதவினால்தான் செல்லும். 1963இல் ஒரு ஆங்கில நீதிபதி கொடுத்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. வீட்டுக்குப் போக ஒரே ஒரு மரப்பாலம்தான், அது உளுத்துப்போயிருக்கிறது. 'ஆபத்து' என்று பலகை வைத்தால் என்ன பயன்? வருகிறவருக்கு வேறு வழி இல்லை. பக்கத்திலேயே நல்ல பாலம் இன்னொன்று இருந்தால் அதே பலகை போதும். ஒரே படிக்கட்டு உள்ள கட்டடத்தில் 'படி உடைந்திருக்கிறது, பார்த்து நடக்கவும்' என்று மாதக்கணக்கில் காகிதம் ஒட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொறுப்புத் துறப்பைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படியும், நுகர்வோர் விஷயத்தில் இப்போது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படியும், தொழில் நடத்துபவர் தன் அலட்சியத்தால் ஏற்படும் மரணத்துக்கோ உடல் காயத்துக்கோ பொறுப்பைப் பலகையாலோ ஒப்பந்தத்தாலோ தட்டிக்கழிக்க முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு நட்சத்திர விடுதி வழக்கில் இதற்கு நெருக்கமாகச் சொன்னது. விருந்தினர் சாவியை விடுதி ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. 'வண்டி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருந்ததைக் காட்டி, விடுதி தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது.

குழந்தைகள் விஷயத்தில்?

பெரியவர்களைவிடக் குழந்தைகள் கவனக்குறைவாகத்தான் இருப்பார்கள் என்பதை எதிர்பார்த்து நடக்க வேண்டும். 1922இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பொதுப் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் பளபளவென்று இருந்த விஷப் பழத்தைத் தின்று இறந்த வழக்கில், வேலியோ எச்சரிக்கையோ இல்லாமல் குழந்தை கைக்கு எட்டும்படி விட்டது வழக்குக்கு இடம் தரும் என்று முடிவானது. மூடாத கிணறு, வேலியில்லாத நீச்சல் குளம், அகலமான இடைவெளி விட்ட பால்கனிக் கம்பி எல்லாம் இதே வகைதான். பிரான்ஸ் 2003இல் கொண்டுவந்த சட்டம், தரையில் தோண்டிய தனியார் நீச்சல் குளங்களுக்குக்கூட வேலி, மூடி, அலாரம் போன்ற பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றைக் கட்டாயமாக்கியது.

திருட வந்தவன் விழுந்து கால் உடைத்துக்கொண்டால் அவனுக்குமா நஷ்டஈடு?

அனுமதியின்றி நுழைந்தவருக்கு உரிமை மிகக் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முக்கியமாக, பொறி வைக்கக் கூடாது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஆளில்லாத பண்ணை வீட்டின் அறைக்கதவில், திறந்தால் சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்திருந்தார்கள். பழைய பாட்டில்கள் எடுக்க நுழைந்தவரின் கால் சிதைந்தது. 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 30,000 டாலர் தரச் சொன்ன தீர்ப்பை உறுதிசெய்தது. சொத்தைவிட மனித உயிர் பெரிது என்பதே அடிப்படை. மதில்மேல் கண்ணில் படாமல் மின்சாரம் பாய்ச்சி வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

லிஃப்டை ஒரு கம்பெனியிடமும் காவலை ஒரு ஏஜென்சியிடமும் கொடுத்துவிட்டேன். இனி அவர்கள் பொறுப்புதானே?

பாதி சரி. 1941இல் ஒரு லிஃப்ட் கீழே விழுந்த வழக்கில், திறமையான நிறுவனத்திடம் பராமரிப்பை ஒப்படைத்திருந்த உரிமையாளர் தப்பினார். அந்த வேலையை அவரே சரிபார்க்க அவருக்குத் தொழில்நுட்ப அறிவு கிடையாது. 1945இல் பள்ளிப் படியில் பனியைச் சரியாகத் துடைக்காததால் மாணவன் வழுக்கி விழுந்த வழக்கில் பள்ளி நிர்வாகம் தப்பவில்லை. படி துடைப்பதற்கு என்ன தொழில்நுட்ப அறிவு வேண்டும் என்பதே அங்கே கேள்வி. இரண்டுமே இங்கிலாந்துத் தீர்ப்புகள். ஆகவே திறமையானவரைத் தேர்ந்தெடுத்தீர்களா, உங்கள் கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார்த்தீர்களா என்பது உங்கள் பங்கு. காவலர் இரவெல்லாம் தூங்குகிறார் என்று குடியிருப்பவர்கள் சொல்லியும் ஏஜென்சியை மாற்றாதவர், 'அது அவர்கள் பொறுப்பு' என்று கைகழுவ முடியாது.

சிசிடிவி இருந்தால் போதாதா?

நடந்த பிறகு ஆளைப் பிடிக்கக் கேமரா உதவும். பூட்டும் வெளிச்சமும் செய்யும் வேலையை அது செய்யாது. வேலை செய்யாத கேமராவைக் காட்டி '24 மணி நேரக் கண்காணிப்பு' என்று விளம்பரம் செய்வது இன்னும் மோசம். அதை நம்பித்தான் ஒருவர் இரவு தாமதமாக வண்டியை அங்கே நிறுத்துகிறார்.

அடிபட்டவர் மேலும் தவறு இருந்தால்?

பல நாடுகளில் அவருடைய தவறின் அளவுக்கு நஷ்டஈடு குறையும். ஃபோனைப் பார்த்தபடி படியிறங்கினார் என்றால் ஒரு பங்கு கழியும், வழக்கு அழியாது. விதிவிலக்கு, அமெரிக்காவின் அலபாமா, மேரிலாண்ட், வட கரோலினா, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள். அங்கே பாதிக்கப்பட்டவரின் சிறு தவறுகூட நஷ்டஈட்டை முழுவதுமாகத் தடுத்துவிடக்கூடும்.

பாதிக்கப்பட்டவர் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிகிச்சை. எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள். அது மருத்துவக் குறிப்பில் ஏறும். அன்றே யாரையாவது விட்டு அந்த இடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மறுநாள் காலை அங்கே புதுப் பல்பு எரியக்கூடும். கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து அடுத்தது பதிவாகிவிடும். அதனால் 'இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் வைக்கவும்' என்று எழுத்தில் கேளுங்கள். அணிந்திருந்த செருப்பைத் தூக்கிப் போடாதீர்கள். வழுக்கி விழுந்த வழக்குகளில் அதைக் கேட்பார்கள். தாக்குதல் என்றால் போலீஸ் புகார் கட்டாயம்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். உடல் காய வழக்குக்கு இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டுகள், கலிஃபோர்னியாவில் 2, இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2. அரசு இடமாக இருந்தால் சில நாடுகளில் மாதக்கணக்கில்தான் நேரம்.

நான் உரிமையாளர். விபத்துக்குப் பிறகு சரிசெய்தால், தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

இந்தப் பயத்தால் உடைந்த கைப்பிடியை அப்படியே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லாத பயம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சாட்சிய விதி 407, விபத்துக்குப் பின் செய்த சீரமைப்பை அலட்சியத்துக்கு ஆதாரமாகக் காட்ட அனுமதிப்பதில்லை. சரிசெய்பவரைத் தண்டித்தால் யாருமே சரிசெய்ய மாட்டார்கள் என்பதுதான் அதன் பின்னால் உள்ள எண்ணம். வேறு நாடுகளிலும், ஒரு விபத்து நடந்த பிறகும் அப்படியே விட்ட இடத்தில் இரண்டாவது ஆள் விழுந்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்ற வாதம் எடுபடப் போவதில்லை. இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள், கேமராப் பதிவைத் தனியாகச் சேமித்து வையுங்கள். அதையெல்லாம் முடித்த கையோடு, அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கைப்பிடியைப் போடுங்கள்.